தொழில் தொடர்புகளைப் பேணும் பழக்கம் மூன்றாவது வாரத்தில் நின்றுபோகிறது: நிலைக்க வைப்பது எப்படி?

வைகைக்கரை (திருப்பாலை) – ஆகஸ்ட் 9, இரவு 10.20

அனைவருக்கும் வணக்கம். நான் டை, மோல்டு வடிவமைப்பாளர்; அதாவது தகட்டை வெட்டவும் பிளாஸ்டிக், ரப்பர் பொருட்களை வார்க்கவும் பயன்படும் அச்சுகளை வடிவமைப்பவன். அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அப்பாவின் உடல்நிலை காரணமாக இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மதுரைக்கே திரும்பி, வீட்டு மாடியில் தனியாகத் தொழில் செய்து வருகிறேன். கப்பலூர், கே.புதூர் சிட்கோ தொழிற்பேட்டைகளில் இருக்கும் சிறு பட்டறைகள்தாம் என் வாடிக்கையாளர்கள். வேலை எனக்குத் தெரியும். வேலை தெரிந்தவன் ஒருவன் இங்கே இருக்கிறான் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டுமே, அதில்தான் தடுமாறுகிறேன்.

கையில் வேலை இல்லாத மாதத்தில் பயம் வந்துவிடுகிறது. ஒரே வாரத்தில் ஐம்பது பேரை அழைக்கிறேன், லிங்க்ட்இன்னில் நாள்தோறும் எழுதுகிறேன், தொழில் கண்காட்சி எங்கே நடந்தாலும் விசிட்டிங் கார்டோடு போய் நிற்கிறேன். மூன்றாவது வாரத்தில் ஏதாவது ஓர் ஆர்டர் வந்துவிடும். அதோடு எல்லாம் நின்றுவிடும். நான்கு மாதம் கழித்து அதே ஐம்பது பேரை மறுபடி அழைக்கும்போது, வேலை இல்லாதபோதுதான் இவன் பேசுவான் என்று அவர்கள் நினைப்பது குரலிலேயே தெரிகிறது.

இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. கடந்த பொங்கலன்று ஒரே வாழ்த்துப் படத்தை முந்நூறு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர்களில் ஒருவருடைய தந்தையார் மார்கழியில்தான் இறந்திருந்தார். அந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை கிடையாது. துக்கம் விசாரிக்கப் போயிருக்க வேண்டியவன், இல்லமெங்கும் இன்பம் பொங்கட்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு என் அழைப்பை எடுப்பதில்லை. எடுக்காததில் நியாயம் இருக்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, வாரந்தோறும் காலை ஆறரை மணிக்கு ஓர் ஓட்டலில் கூடும் பரிந்துரைக் குழு ஒன்றில் சந்தா கட்டிச் சேர்ந்திருந்தேன். வாரத்துக்கு இத்தனை பரிந்துரை தர வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். எண்ணிக்கையை எட்டுவதற்காக, நான் ஒருமுறைகூட வேலையைப் பார்த்திராத ஒருவரை என் பழைய வாடிக்கையாளரிடம் அனுப்பினேன். அவர் எடுத்த வயரிங் வேலை பாதியில் நின்றது. பேச்சு எனக்கு வந்தது.

ஆண்டு முழுவதும் தாங்கக்கூடிய, அடுத்தவருக்கும் தொந்தரவாக இல்லாத ஒரு பழக்கத்தை யாராவது உருவாக்கி வைத்திருந்தால், அன்றாடம் என்ன செய்கிறீர்கள் என்று விவரமாக எழுத வேண்டுகிறேன்.

சிம்மக்கல் தணிக்கையாளர் – ஆகஸ்ட் 10, காலை 6.45

தம்பி, இது சோம்பலால் வந்த சிக்கல் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேசுவதைப் பயத்தோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறீர்கள். பயம் வந்தால் பேசுகிறீர்கள், அது தணிந்ததும் நிறுத்திவிடுகிறீர்கள். அந்த முடிச்சை அவிழ்த்து வேறொன்றில் போட வேண்டும்.

நம் பக்கத்தில் செய்முறை, அதாவது விசேஷ வீடுகளுக்குப் போய் மொய் வைப்பது, மட்டும் எப்படித் தலைமுறை தலைமுறையாகத் தவறாமல் நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீடு, இழவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இருக்கிறது. அன்றைக்கு உட்கார்ந்து போகலாமா வேண்டாமா என்று யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை. பந்தலில் ஒருவர் பணத்தை வாங்கி எண்ண, மற்றொருவர் ஊரையும் பெயரையும் தொகையையும் எழுத, அந்த மொய் நோட்டு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஞாபகத்தை நம்பாமல் எழுத்தை நம்பினார்கள். அன்றைய மனநிலையை நம்பாமல் நாளை நம்பினார்கள். அதன் குறையும் நாம் அறிந்ததே. மொய் ஒரு கடன். போட்டது திரும்பி வராவிட்டால் உறவே முறிந்துவிடுகிறது. ஆகவே நான் மொய் நோட்டிலிருந்து ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டேன், கணக்கை விட்டுவிட்டேன்.

தனியாகத் தொழில் தொடங்கிய ஆண்டில் வடக்கு மாசி வீதியில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். இப்போது ஓடுவது ஒன்பதாவது நோட்டு. ஒருவருக்கு ஒரு பக்கம். அவரிடம் பேசிய தேதி, அவர் சொன்ன செய்தி, நான் ஏதாவது செய்வதாகச் சொல்லியிருந்தால் அது, இவ்வளவுதான் எழுதுவேன். அடையாளம் தெரியாமல் ஒரு பக்கத்தைத் தருகிறேன்: “கப்பலூர், ரப்பர் மோல்டிங். மூத்த மகள் பிளஸ் டூ, வணிகவியலா பொறியியலா என்று குழப்பம். பழைய ஹைட்ராலிக் பிரஸ்ஸில் எண்ணெய் கசிவு, சீல் கிடைக்கவில்லை. நான் சொன்னது: ஒருவரிடம் இருந்ததாக ஞாபகம், விசாரித்துச் சொல்கிறேன்.” நான் சொன்னது என்ற அந்தக் கடைசி வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருப்பேன். சொன்னபடி செய்த அன்று அதன் மேல் ஒரு டிக்.

சனிக்கிழமை மாலை நோட்டைப் புரட்டும்போது டிக் விழாத சிவப்புக் கோடுகளை மட்டும் பார்ப்பேன். அடுத்த வாரம் யாரை அழைப்பது, என்ன சாக்குச் சொல்லி அழைப்பது என்ற கேள்வியே எனக்கு எழுவதில்லை. பேச வேண்டியது ஏற்கெனவே பாக்கி நிற்கிறது. “சும்மாதான் கூப்பிட்டேன்” என்று தொடங்கும் அழைப்பைத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். “போன மாதம் சீல் கேட்டீர்களே, கிடைத்துவிட்டது” என்று தொடங்கும் அழைப்பை யாரும் தட்டிக் கழிப்பதில்லை.

நாளுக்கு ஓர் அழைப்புத்தான். காலையில் அலுவலகத்தைத் திறந்து, விளக்கேற்றி, கணினி ஓடத் தொடங்குவதற்குள் அது முடிந்துவிடும். சரக்கு, சேவை வரிப் படிவங்களைத் தாக்கல் செய்யும் கடைசி நாட்கள் மாதத்தில் இரண்டு: 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. அந்தத் தேதிகளை ஒட்டிய மூன்று நான்கு நாட்களில் யாரையும் அழைப்பதில்லை. ஜூலையில் வருமான வரிப் படிவங்கள், செப்டம்பரில் வரித் தணிக்கை என்று கழுத்துவரை வேலை இருக்கும். அந்த இரண்டு மாதங்களிலும் நோட்டு மூடியே இருக்கும் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிடுவேன். தீர்மானித்து நிறுத்தியதைத் திரும்பத் தொடங்குவது எளிது. குற்ற உணர்வோடு நின்றுபோனதைத் தொடங்குவதுதான் மலையாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. தந்தையை இழந்த அந்த நண்பர் வீட்டுக்கு நேரில் போய் வாருங்கள். தலைத் திவசத்துக்கு முன்பே போய்விடுங்கள். தாமதமாகப் போனாலும் துக்கம் விசாரிப்பது தவறாகாது. தொழிலைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட எடுக்க வேண்டாம்.

மேலூர் பாலிடெக்னிக் – ஆகஸ்ட் 10, இரவு 9.05

ஐயா கடைப்பிடிக்கும் ஒழுங்கை மதிக்கிறேன். ஆனாலும் மொய் நோட்டில் பெயர் ஏற வேண்டுமென்றால் முதலில் அழைப்புப் பத்திரிகை வர வேண்டும், ஐயா. எங்கள் வீட்டில் பள்ளியைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான். அப்பா பெரியாறு கால்வாய்த் தண்ணீரை நம்பி ஒன்றரை ஏக்கரில் நெல் போடுகிறவர். படித்து முடித்த நாளில் எனக்குத் தெரிந்தவர்களில் ஒரு பட்டறைக்குள் கால் வைத்தவர்கூட ஒருவர் இல்லை.

இந்த ஊரில் தொழில் தொடர்பு என்று பேசினால் பெரும்பாலும் அது சொந்தத்தில் தொடங்கி, சாதியில் விரிந்து, படித்த பள்ளியில் முடிகிறது. உறவின்முறையும் மகமையும் செய்த காரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. விற்பனையில் ஒரு சிறு பங்கைப் பொதுவில் போட்டுப் பள்ளிக்கூடமும் சத்திரமும் கட்டி, தொழில் தொடங்கும் இளைஞனுக்குத் தோள் கொடுத்து ஒரு சமூகமே மேலே வந்தது பெரிய சாதனை. ஆனால் அந்த வாசல் பிறப்பால் திறப்பது. வெளியே நிற்கிறவனிடம் போய், பழக்கத்தை உருவாக்கிக்கொள் என்று சொன்னால் அவன் எந்தக் கதவைத் தட்டுவான்?

இன்னொரு நெருடலும் உண்டு. நாளைக்கு உதவுவார் என்பதற்காக இன்றைக்கு ஒருவரிடம் பழகினால் அதை உறவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரியம் ஆகும்வரை காலைப் பிடிப்பதற்கு நல்ல பெயர் வைத்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. தவறாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலந்தைக்குளம் – ஆகஸ்ட் 11, பிற்பகல் 1.40

மேலூர்ச் சகோதரர் எழுதியதில் தவறு எதுவும் இல்லை. நான் எல்காட் வளாகத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். கதவு எங்கே என்ற அவருடைய கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில், புதிதாக வேலை மாறியவர்களை விசாரித்து, 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், தகவல் சொன்னவரை அந்தக் காலத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். நாம் புழங்காத இடத்தில் புழங்குகிறவரிடம்தான் புதுச் செய்தி இருக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். சொந்தமும் சாதியும் நெருங்கிய வட்டங்கள். அவற்றுக்கு வெளியே, முகம் தெரிந்து பெயர் தெரிந்த அளவில் இருக்கும் பழக்கங்களுக்கு இவ்வளவு வலு உண்டு என்பது, பத்திரிகை வராதவர்களுக்குச் சாதகமான செய்தி என்றே நான் நினைக்கிறேன்.

இதை அப்படியே எல்லாத் தொழிலுக்கும் பொருத்திவிடவும் கூடாது. லிங்க்ட்இன்னில் ஐந்து ஆண்டுகளில் இரண்டு கோடிப் பயனர்களிடம் நடந்த சோதனைகளை ஆராய்ந்து 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. மிக மெல்லிய தொடர்பு உள்ளவர்களையும் மிக நெருங்கியவர்களையும்விட, ஓரளவு மட்டும் அறிமுகமானவர்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள். ஆனால் கணினிமயம் குறைந்த தொழில்களில் நெருங்கிய தொடர்புகளே கூடுதலாகப் பயன்பட்டன. என் துறைக்கு நூறு அரைகுறை அறிமுகங்கள் போதுமாக இருக்கலாம். வைகைக்கரை அவர்களின் பட்டறை உலகத்துக்கு, உள்ளே அழைத்து உட்கார வைத்துப் பேசும் இருபது முப்பது பேர் வேண்டும் என்பது என் கணிப்பு.

என் பழக்கத்தையும் சொல்கிறேன். எங்கள் துறைக் கூட்டங்கள் பெரும்பாலும் இரவு ஏழரை மணிக்கு ஓட்டலில் தொடங்கும். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம், மாமியாருக்கு மருந்து, திரும்பி வரும் வழி என்று எல்லாவற்றையும் யோசித்து நான் போகாமலேயே இருந்தேன். போகாததால் எனக்கு ஆர்வம் இல்லை என்ற முடிவுக்கு மற்றவர்கள் வந்திருந்தார்கள். பிறகு புதன்கிழமை மதியச் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டேன். எப்படியும் சாப்பிட வேண்டும். அந்த ஒரு நாள் மட்டும் வேறு குழுவைச் சேர்ந்த, அல்லது பக்கத்து நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரோடு டப்பாவைத் திறக்கிறேன். புளியோதரையைப் பகிர்ந்துகொண்டு நாற்பது நிமிடம் பேசுகிறோம். மூன்று ஆண்டுகளாக இது ஓடுகிறது. இரவுக் கூட்டங்களை நடத்துகிறவர்கள், அவற்றை மாதத்தில் ஒருமுறையாவது பகலுக்கு மாற்றினால் எத்தனை பெண்கள் வருவார்கள் என்று ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும்.

பழக்கம் ஊன்ற எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விக்கு, 21 நாள் என்று பலரும் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுவளவாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது (12 வாரத்தைத் தாண்டியவை கணித்துச் சொன்னவை). இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. அவர்கள் கவனித்தவை தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்ற அன்றாடச் செயல்கள். வாரம் ஒருமுறை செய்வது ஊன்ற இன்னும் நாளாகும் என்றே எண்ணுகிறேன். மூன்றாவது வாரத்தில் நின்றுபோவது பாதி வழியைக்கூட எட்டாமல் நிற்பதுதான்; அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

வைகைக்கரை – ஆகஸ்ட் 11, இரவு 10.50

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. மேலூர்த் தம்பி எழுதிய கடைசிப் பத்தி என்னைத் தைத்தது. நான் செய்துகொண்டிருந்தது காலைப் பிடிப்பதேதான். அந்தச் சிவப்புக் கோட்டில் எனக்கு ஒரு விடை தெரிகிறது: அதில் இருப்பது நான் மற்றவருக்குச் செய்ய வேண்டிய பாக்கி மட்டும்.

ஒரு கேள்வி. லிங்க்ட்இன்னில் எனக்கு 1,400 பேர் இருக்கிறார்கள். நோட்டில் எத்தனை பேரை ஏற்றுவது?

இலந்தைக்குளம் – ஆகஸ்ட் 12, பிற்பகல் 1.15

ராபின் டன்பார் என்ற மானுடவியலாளர், ஒருவர் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் ஏறத்தாழ 150 என்று 1992-இல் தொடங்கி எழுதி வந்தார். அதற்குள் 5, 15, 50 என்று நெருக்கத்தின் அடுக்குகளும் உண்டு என்றார். அந்த எண் சரிதானா என்று ஆய்வாளர்களிடையே வாதம் இருக்கிறது. ஆனாலும் குடும்பம், சொந்தபந்தம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் தொழிலுக்கென்று நம்மிடம் மிஞ்சும் இடம் குறைவு என்பதை நம் அனுபவமே சொல்லும். முப்பது பேரில் தொடங்குங்கள்.

அந்த முப்பதில் ஐந்து பேராவது அம்பத்தூர் காலத்துப் பழைய நண்பர்களாக இருக்கட்டும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் பேசாமல் விட்டுப்போனவர்களை மீண்டும் அழைத்து, நடப்பிலுள்ள ஒரு வேலையைப் பற்றி யோசனை கேட்கும்படி மேலாளர்களிடம் சொல்லி, டேனியல் லெவின் குழுவினர் ஓர் ஆய்வு செய்து 2011-இல் வெளியிட்டார்கள். பேச்சு விட்டுப்போனவர்களிடமிருந்து கிடைத்த யோசனைகள் புதுமையாகவும் பயனுள்ளவையாகவும் இருந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் வேறு இடங்களுக்குப் போய் வேறு செய்திகளைக் கற்றிருக்கிறார்கள். பழைய நம்பிக்கையோ அப்படியே இருக்கிறது.

ஒத்தக்கடை வழக்கறிஞர் – ஆகஸ்ட் 13, இரவு 8.30

எங்கள் தொழிலில் வேலை கேட்டுப் போவதே விதிமீறல். இந்திய வழக்கறிஞர் கழக விதிகளில் 36-ஆவது விதி, விளம்பரம் செய்வதையும் கட்சிக்காரர்களைத் தேடிப் போவதையும் தடுக்கிறது. பட்டயக் கணக்காளர்களுக்கும் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதே போன்ற தடை இருப்பதை எங்கள் தணிக்கையாளர் ஐயா அறிவார். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை இங்கே வந்தபோது பல ஊர்களிலிருந்து ஒருவரையொருவர் அறியாமல் வந்து சேர்ந்தோம். கேட்க முடியாத நிலையில் கொடுக்க மட்டுமே முடிந்தது. எனக்குப் பழக்கமில்லாத பிரிவில் ஒரு வழக்கு வந்தால், அதில் தேர்ந்தவரிடம் அனுப்பிவிட்டு, அது என்ன ஆயிற்று என்று பிற்பாடு விசாரித்துக்கொள்வேன். மாதத்தில் இரண்டு முறையாவது அப்படி அனுப்புகிறேன். அவருடைய வேலையை நீதிமன்றத்தில் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்திருந்தால் மட்டுமே அனுப்புவேன். வைகைக்கரை அவர்களுக்கு வயரிங் விஷயத்தில் நேர்ந்தது அதனால் எனக்கு இதுவரை நேரவில்லை.

நோட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிள்ளையின் படிப்பை எழுதலாம். நோய், கடன், குடும்பச் சண்டை ஆகியவற்றை எழுதக் கூடாது. நோட்டு தொலைந்தால் யார் கைக்குப் போகும் என்று யோசித்துவிட்டு ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள்.

சிம்மக்கல் தணிக்கையாளர் – ஆகஸ்ட் 14, காலை 6.50

வழக்கறிஞர் சொன்னது மிகச் சரி. என் மூன்றாவது நோட்டில் அப்படி எழுதிய இரண்டு பக்கங்களைப் பிற்பாடு நானே கிழித்தெறிந்தேன்.

மேலூர் பாலிடெக்னிக் – ஆகஸ்ட் 16, இரவு 9.40

இலந்தைக்குளம் அக்கா எழுதியதை இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு முதல் வேலை கிடைத்ததும் அப்படித்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

படிப்பு முடித்து வேலை தேடிய நாட்களில், காலை ஏழு பத்து டவுன் பஸ்ஸில் மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு வருவேன். ஒத்தக்கடையில் ஒருவர் ஏறுவார். காக்கிச் சட்டை, கையில் எவர்சில்வர் தூக்கு. இடம் கிடைக்காத நாளில் தூக்கை வாங்கி என் மடியில் வைத்துக்கொள்வேன். ஊர் பேர் தெரியாது. மழை, பஸ் தாமதம், நெல் விலை என்று பேசுவோம். ஒருநாள் என் கையில் இருந்த வரைபடச் சுருளைப் பார்த்து என்னவென்று கேட்டார். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கீப்பர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த வாரம் அங்கே தரப் பரிசோதனைக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லி, எந்த வாசலில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னார். அவர் எனக்கு எந்த வகையிலும் சொந்தம் இல்லை, என் சாதியும் அவருக்குத் தெரியாது. ஏழு பத்துப் பஸ்ஸை நான் தவறவிடாமல் இருந்ததுதான் எங்களுக்குள் இருந்த ஒரே தொடர்பு.

ஆகவே ஒரு முடிவெடுத்திருக்கிறேன். எங்கள் பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் என்னைப் போன்ற வீட்டிலிருந்து வருகிறவர்கள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர்களில் ஐந்தாறு பேரை நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சந்திக்கப் போகிறேன். 2023 ஜூலையில் திறந்த அந்த இடத்துக்குள் போக யாருடைய சிபாரிசும் வேண்டாம். ஓட்டலில் கூடினால் காபிக்குக் காசு இல்லாத பிள்ளை வராது. ஒவ்வொரு மாதமும் பட்டறையில் வேலை செய்கிற ஒருவரைக் கூட்டி வந்து அவர்களோடு உட்கார வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வைகைக்கரை – அக்டோபர் 19, இரவு 9.30

எழுபது நாள் ஆகிவிட்டது. நடந்ததை எழுதுவது என் கடமை.

நோட்டில் 31 பக்கங்கள் எழுதியிருக்கிறேன். காலை எட்டு பத்துக்கு மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு மாடிப்படி ஏறுவதற்கு முன், கீழே வேப்பமரத்தடியில் நின்று ஓர் அழைப்பு. மேலே போய்க் கணினியைத் திறந்துவிட்டால் அது நடக்காது என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டேன். செப்டம்பரில் அப்பா பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தார், நோட்டைத் தொடவில்லை. முன்பாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். இந்த முறை, ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்ற நினைப்போடு பன்னிரண்டாம் நாள் மறுபடி தொடங்கினேன். எல்லோருக்கும் இது பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மாதத்துக்கு இரண்டு முறை அழைத்த ஒருவர், தேவைப்பட்டால் நானே கூப்பிடுகிறேன் என்று நேராகச் சொல்லிவிட்டார். அவர் பக்கத்தில் அதையே எழுதி வைத்துவிட்டேன்.

துக்கம் நேர்ந்த நண்பர் வீட்டுக்குப் போனேன். பொங்கல் செய்திக்கு மன்னிப்புக் கேட்டேன். தந்தையாரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். லேத் பட்டறை எடுபிடியாகத் தொடங்கிச் சொந்தமாக இரண்டு எந்திரம் வாங்கியதுவரை சொன்னார். கிளம்பும்போது தெருமுனைவரை வந்து விட்டுப் போனார். வேலை ஒன்றும் இதுவரை தரவில்லை, அதை எதிர்பார்த்து நானும் போகவில்லை.

ஆயுத பூசைக்கு இந்த முறை வாழ்த்துப் படம் எதுவும் அனுப்பவில்லை. கே.புதூரில் நான்கு பட்டறைகளுக்கு நேரில் போனேன். ஆண்டில் அந்த ஒரு நாள்தான் எந்திரங்கள் நின்று, தரை கழுவி, யார் வந்தாலும் வாங்க என்று உள்ளே கூப்பிடுகிற நாள். மூன்றாவது பட்டறையில் பவர் பிரஸ்ஸுக்குச் சந்தனம் தெளித்து, ஃப்ளைவீலில் மாலை போட்டிருந்தார்கள். பொரியும் சுண்டலும் இருந்த காகிதத் தட்டை என் கையில் கொடுத்த உரிமையாளர், பேச்சுவாக்கில் மேசை இழுப்பறையைத் திறந்து, தகட்டை வெட்ட டையின் துளைக்குள் இறங்கும் பஞ்ச் ஒன்றை எடுத்துக் காட்டினார். விளிம்பில் அரிசி மணி அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. ஆறு மாதத்தில் இது நாலாவது, உருக்கு சரியில்லை என்றார். தகட்டின் கனம் எவ்வளவு என்று கேட்டேன். முன்பு 1.6 மில்லிமீட்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், வாடிக்கையாளர் கேட்டதால் 2 மில்லிமீட்டருக்கு மாறியிருக்கிறார்கள். டையை மட்டும் மாற்றவில்லை. பஞ்ச்சுக்கும் டைக்கும் இடையே ஒரு பக்கத்துக்குத் தகட்டின் கனத்தில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் இடைவெளி வேண்டும். தகடு தடித்தால் அதுவும் கூட வேண்டும். இடைவெளி இறுக்கமாக இருக்கும்போது, அடித்துவிட்டு மேலே வரும் பஞ்ச்சைத் தகடு கவ்வி இழுக்கிறது, விளிம்பு பெயர்கிறது. டையின் துளையை எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று பூசைக்கு வைத்திருந்த சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு தாளில் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். கூலி பேசவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: “சொன்னது: பத்து நாளில் வந்து பார்க்கிறேன்.” பத்தாம் நாள் போனேன், டையைத் திருத்தி ஓட்டிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பஞ்ச் அதுவரை பெயரவில்லை.

அம்பத்தூர் நண்பர்கள் ஐவரில் மூவரிடம் பேசினேன். ஒருவர், சிறு எண்ணிக்கையிலும் ஹீட் ட்ரீட்மென்ட் (உருக்கைச் சூடாக்கிக் கடினப்படுத்துவது) செய்து இரவுப் பார்சலில் திருப்பி அனுப்புகிற ஓரிடத்தைச் சொன்னார். இரண்டு ஆண்டுகளாக நான் தேடிக்கொண்டிருந்தது அது. அந்தத் தகவலை நோட்டில் இருந்த ஆறு பேருக்குச் சொல்லியாயிற்று.

இந்த எழுபது நாளில் இரண்டு ஆர்டர்கள் வந்தன. ஒன்று நோட்டில் இருப்பவர் அனுப்பியது. மற்றொன்றுக்கும் நோட்டுக்கும் தொடர்பே இல்லை. முன்பு வேலையற்ற மாதத்தில் வரும் அந்த நெஞ்சடைப்பு இந்த முறை வரவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மேலூர் பாலிடெக்னிக் – அக்டோபர் 20, காலை 7.25

அண்ணே, படிக்கும்போதே மனது நிறைந்தது. இதுவரை இரண்டு ஞாயிறுகள் நூலகத்தில் கூடியிருக்கிறோம். முதல்முறை நான்கு பேர், இரண்டாம் முறை ஒன்பது பேர். டை இடைவெளியைப் பாடமாகப் படித்திருக்கிறார்களே தவிர, சில்லு பெயர்ந்த பஞ்ச்சைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்களில் யாரும் இல்லை. நவம்பர் இரண்டாவது ஞாயிறு உங்களால் வர முடியுமா?

வைகைக்கரை – அக்டோபர் 20, காலை 8.15

வருகிறேன் தம்பி. பெயர்ந்த பஞ்ச்சுகளில் ஒன்றை அந்த உரிமையாளரிடம் கேட்டு வாங்கி வருகிறேன். வேப்பமரத்தடியில் நின்றுதான் இதை எழுதுகிறேன். இன்றைய அழைப்பு அவருக்கே.